கதவு திறந்திருக்கும் ஐந்து மணி

ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கல்லூரிக் கோபுரங்களைப் படம் எடுப்பார்கள். கட்டணம் கட்டி ஒன்றிரண்டு கல்லூரிகளுக்குள் போவார்கள், ஹாரி பாட்டர் படம் பிடித்த படிக்கட்டைத் தேடுவார்கள், நாலரை மணிக்கெல்லாம் லண்டன் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அந்த ஊரின் மிகச் சிறந்த பொழுது அதற்கு அரை மணி கழித்துத்தான் தொடங்குகிறது. பருவம் நடக்கும் வாரங்களில் ஐந்து மணி என்பது அங்கே சொற்பொழிவு நேரம். ஊரின் நாலா மூலையிலும் ஏதாவது ஓர் அரங்கில் யாராவது பேச எழுந்து நிற்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. சிலவற்றுக்குப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் யார், எங்கே படித்தீர்கள் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

நான் போனது பிப்ரவரியில். அங்கே கல்வியாண்டு மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி என்று மூன்று பருவம். ஒவ்வொன்றும் முழுதாக எட்டே வாரம். ஊர்க்காரர்கள் தேதியைக்கூடச் சொல்வதில்லை, 'நாலாம் வாரம் செவ்வாய்' என்கிறார்கள். எட்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்பதால் சொற்பொழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பல்கலைக்கழகத்தின் 'கெஸட்' 1870 முதல் வருகிறது. அறிவிப்புகளுக்கு அதுவே பழைய வழி. இப்போது இணையப் பட்டியல் வந்துவிட்டது. ஆனாலும் கல்லூரி வாசல்களின் அறிவிப்புப் பலகை, புத்தகக் கடைச் சுவர், சாலையோரக் கம்பிவேலி என்று எங்கும் தாள்கள் தொங்குகின்றன. ஒரே மாலையில் பைசாந்தியத் தங்க நாணயம், மலேரியா தடுப்பூசி, ஹைதி நாட்டு வரலாறு என்று மூன்று அறிவிப்புகளை ஒரே பலகையில் பார்த்துவிட்டு எதற்குப் போவது என்று தெரியாமல் நின்றேன். வெளியே சீக்கிரமே இருட்டத் தொடங்கும் குளிரில், விளக்கெரியும் ஓர் அரங்கில் உட்கார்ந்து பிறர் உழைத்துத் தெரிந்துகொண்டதைக் கேட்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை அந்த ஊரில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இந்தத் திறந்த கதவு எப்போதும் இருந்ததல்ல. ஊரின் நடுவே கார்ஃபாக்ஸ் என்ற நாற்சந்தி. அதன் ஒரு மூலையில் இப்போது வங்கி இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடை இருந்தது. சுவரில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். 1355ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று இரண்டு மாணவர்கள் அந்தக் கடையின் மது மட்டம் என்று சண்டை இழுத்து, கடைக்காரர் தலையில் பாத்திரத்தால் அடித்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், பல்கலைக்கழகத்தார் மறுபக்கம் என்று வில்லும் அம்புமாகச் சண்டை நாள்கணக்கில் நடந்தது. பல்கலைக்கழகப் பக்கத்தில் 63 பேர் இறந்ததாகக் கணக்கு. ஊர்ப் பக்கத்தில் முப்பது பேர் அளவில். மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தார். அதன்பின் ஆண்டுதோறும் அதே நாளில் நகர மேயரும் ஊர்ப் பெரியவர்களும் புனித மேரி தேவாலயத்துக்கு நடந்துபோய், இறந்தவர் ஒருவருக்கு ஒரு பென்னி வீதம் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. இந்தத் தலைகுனிவு 1825 வரை நீடித்தது. 1955இல், அறுநூறாவது ஆண்டில், மேயருக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்து, துணைவேந்தருக்கு நகரம் கௌரவக் குடியுரிமை கொடுத்து, முறைப்படி சமாதானம் ஆனார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் இன்று ஓய்வுபெற்ற தபால்காரரும் பேராசிரியரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்கிறார்கள். இதை எளிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நான் போனது பிராட் தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு. தேன்நிறக் கல், கூரைக் குவிமாடத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டியாக ஒரு யானை. நம் ஊர்க் கண்ணுக்கு அந்த யானை சட்டென்று தட்டுப்படும். 1883இல் அடிக்கல் நாட்டி 1896இல் கட்டி முடித்த இந்தியன் இன்ஸ்டிடியூட் அது. சமஸ்கிருதப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் இந்தியாவெங்கும் சுற்றி, மன்னர்களிடமும் செல்வர்களிடமும் நிதி திரட்டி எழுப்பியது. நுழைவாயிலில் தேவநாகரி எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டுப் பலகை இன்னும் இருக்கிறது. 1960களில் பல்கலைக்கழகம் கட்டடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. இந்தியப் பணத்தில் எழுந்த மாளிகை இந்தியவியலின் கையை விட்டுப் போனது பற்றி எனக்கு வருத்தம் உண்டு. இப்போது அங்கே ஆக்ஸ்ஃபோர்டு மார்ட்டின் ஸ்கூல் இயங்குகிறது. இந்த நூற்றாண்டின் சிக்கல்களை ஆராயும் அமைப்பு. அதன் பொதுச் சொற்பொழிவுகள் ஊரில் பெயர்பெற்றவை.

அன்றைய பேச்சு வெள்ளத்தைப் பற்றியது. பேசியவர் மழையை ஆராயும் ஒரு பெண் விஞ்ஞானி. காற்று ஒரு டிகிரி வெப்பமானால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். அந்த ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டே முக்கால் மணி நேரமும் நடத்திப் போனார். ஒரு குறிப்பிட்ட பெருமழையில் மனிதர் செய்த வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை, அதே உலகைக் கரியமில வாயு கூடாத நிலையிலும் கூடிய நிலையிலும் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டுப் பார்க்கும் முறையை, எந்தச் சமன்பாடும் இல்லாமல் விளக்கினார். இந்த ஆய்வுத் துறைக்கு விதை போட்டவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஆலன். 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, தேம்ஸ் வெள்ளம் அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு ஓர் அடி தூரத்தில் நிற்கும்போது எழுதப்பட்டது. இதை அவரே கட்டுரையின் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறார். இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப முடியுமா என்று கேட்ட கட்டுரை அது.

பேச்சு முடிந்ததும்தான் மாலை சூடுபிடித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர். கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு கோடுபோட்ட நோட்டில் பேச்சு முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். கை தூக்கினார். தாம் ஆஸ்னியில் குடியிருப்பவர் என்றார். ஊரின் மேற்கே தேம்ஸின் கிளைகளுக்கு நடுவே இருக்கும் தாழ்ந்த பகுதி அது. 2007 ஜூலையில் வெள்ளம் புகுந்த இடம். அவர் கேட்டது மழையைப் பற்றி அல்ல, தரையைப் பற்றி. 'எங்கள் வீட்டில் தண்ணீர் தெருவிலிருந்து வரவில்லை, பலகைத் தரைக்கு அடியிலிருந்து ஊறி வந்தது. உங்கள் கணினியில் அந்தத் தண்ணீர் இருக்கிறதா?' என்று கேட்டார். அந்த அம்மையார் சிறிது யோசித்தார். ஆற்றங்கரைச் சரளைப் படிவத்தின் வழியே நிலத்தடி நீர் உயர்வதை இந்த மாதிரிகள் சரியாகப் பிடிப்பதில்லை, தம்முடைய ஆய்வில் அது இல்லவே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு மேசையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வெளிக்கூடத்தில் பழச்சாறும் ஒயினும் கொடுத்தபோது இருவரும் ஜன்னல் ஓரமாக நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தம் நோட்டில் வீட்டுப் படம் வரைந்து, எந்த மூலையில் முதலில் ஈரம் கண்டது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

பொதுச் சொற்பொழிவு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆராய்ச்சியை எளிமையாக்கி மக்களுக்கு ஊட்டுவது அதன் சின்னப் பயன். தன் மடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தை ஓர் ஊர் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இடம் அது. பேச்சை நூலாகவும் படிக்கலாம், காணொளியிலும் பார்க்கலாம். தரைக்கடியில் ஊறிய தண்ணீரைப் பற்றிக் கேட்க அங்கே நேரில் வந்து உட்கார வேண்டும்.

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஒரு பெரிய முன்கதை உண்டு. பார்க்ஸ் சாலையில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடுத்த நாள் பார்த்தேன். இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக, ரயில் நிலையத்துக்கும் தேவாலயத்துக்கும் பிறந்தது போன்ற கட்டடம். சுற்றிலும் உள்ள தூண்கள் ஒவ்வொன்றும் பிரிட்டனின் வெவ்வேறு வகைக் கல்லில் செய்தவை. தூண் தலைகளில் ஓஷே சகோதரர்கள் என்ற அயர்லாந்துக் கல்தச்சர்கள், தினமும் தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த செடிகளைப் பார்த்துப் பார்த்து இலையும் பூவும் செதுக்கியிருக்கிறார்கள். கட்டடம் முழுதாக முடியாத நிலையிலேயே, 1860 ஜூன் 30ஆம் தேதி, சனிக்கிழமை, அங்கே பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. டார்வின் நூல் வெளிவந்து ஏழு மாதம். பேச வந்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த ஜான் வில்லியம் டிரேப்பர். ஐரோப்பாவின் அறிவு வளர்ச்சியை டார்வின் கருத்தோடு இணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டுரை வாசித்தார். கூட்டம் எழுநூறு பேருக்கு மேல். நூலகத்துக்காகக் கட்டிய பெரிய அறைக்கு இடம் மாற்ற வேண்டியிருந்தது.

டிரேப்பர் என்ன சொன்னார் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. கட்டுரை முடிந்தபின் நடந்த விவாதம்தான் நிலைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் எழுந்து டார்வினை மறுத்துப் பேசினார். தாமஸ் ஹக்ஸ்லி பதில் சொன்னார். தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கரும் எழுந்தார். குரங்குப் பாட்டன் பற்றிய பிஷப்பின் கிண்டலும் ஹக்ஸ்லியின் பதிலடியும் உலகமெங்கும் கதையாகப் பரவிவிட்டன. சொல்லுக்குச் சொல் எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. வந்திருந்தவர்கள் பின்னாளில் கடிதங்களிலும் நினைவுகளிலும் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஹூக்கர்தான் வென்றார் என்று ஹூக்கரே டார்வினுக்கு எழுதினார். யார் வென்றார் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. பேச்சாளர் வாசித்து முடித்ததும் அவை வாய்மூடி எழுந்து போயிருந்தால் அந்தச் சனிக்கிழமை வரலாற்றில் இருந்திருக்காது. அருங்காட்சியகத்துக்கு வெளியே புல்தரையில் நினைவுத் தூண் ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள். அறிவியல் விவாதம் ஒன்றுக்குக் கல் நட்ட ஊர் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மறுபடி பிராட் தெரு. அங்கே ஷெல்டோனியன் அரங்கை அடுத்து அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். 1683இல் பழைய ஆஷ்மோலியனாகத் திறந்த கட்டடம், அனுமதி இலவசம். கீழ்த்தளத்தில் ஒரு கரும்பலகையைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். 1931 மே 16 அன்று ரோட்ஸ் ஹவுஸ் மாளிகையில் ஐன்ஸ்டைன் சாக்பீஸால் எழுதியது. அந்த மாதம் அங்கே அவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளில் அது இரண்டாவது. விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தைப் பற்றியது. பலகையின் கடைசி வரிகளில் பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது மூன்றுக்கும் மதிப்பு போட்டிருக்கிறார். கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன; சாக்பீஸ் அழுத்தி வளைந்த இடம், விரல் பட்டு லேசாக மங்கிய இடம் எல்லாம் தெரிகிறது. அவர் பேசியது ஜெர்மன் மொழியில். மொழி தெரிந்தவர்களுக்குக் கணிதம் புரியவில்லை, கணிதம் தெரிந்தவர்களில் பலருக்கு மொழி புரியவில்லை. கேட்டவர்களில் மிகச் சிலரே கடைசி வரை பின்தொடர்ந்திருப்பார்கள். ஆனாலும் பேச்சு முடிந்ததும் பலகையைத் துடைக்கவிடாமல் காப்பாற்றிய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள்.

நேர்மாறாக, கூட்டம் தாங்காமல் போன கதையும் பக்கத்திலேயே உண்டு. நுண்கலைக்கு ஃபீலிக்ஸ் ஸ்லேட் வைத்துவிட்டுப் போன நிதியில் உருவான இருக்கையின் முதல் பேராசிரியர் ஜான் ரஸ்கின். 1870 பிப்ரவரி 8 அன்று அவருடைய முதல் சொற்பொழிவுக்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியக அரங்கில் இடம் போட்டிருந்தார்கள். வந்த கூட்டத்தைப் பார்த்து எல்லோரையும் ஷெல்டோனியனுக்கு நடக்கச் சொன்னார்கள். கிறிஸ்டோஃபர் ரென் வடிவமைத்து 1669இல் முடித்த அந்த அரங்கில் உட்கார்ந்து பார்த்தேன். பலகை இருக்கைகள் முழங்காலை இடிக்கும், முதுகைப் பதம் பார்க்கும். தலைக்கு மேலே உட்கூரை ஓவியம் திறந்த வானமாக விரிகிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அத்தனை அகலக் கூரையை ரென் நிறுத்தியிருப்பதால் எந்த மூலையிலிருந்தும் பேசுகிறவர் முகம் தெரியும். ரஸ்கின் வெறுமனே பேசிவிட்டுப் போகிறவரும் அல்ல. அழகு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களை 1874இல் ஹிங்க்ஸி கிராமத்துக்குக் கூட்டிப்போய் மண்வெட்டி கொடுத்து ரோடு போட வைத்தார். அதில் கலந்துகொண்டவர்களில் ஆஸ்கர் வைல்டும் ஒருவர். ரோடு அப்படியொன்றும் சிறப்பாக அமையவில்லை. கையால் உழைப்பது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

கவிதைக்கும் அங்கே ஒரு பேராசிரியர் உண்டு. 1708 முதல் தொடரும் பதவி. பருவத்துக்கு ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகள், ஓட்டுப் போட்டு. ஒன்றரை நூற்றாண்டு வரை எல்லாம் லத்தீனில்தான் நடந்தது. 1857இல் பதவியேற்ற மேத்யூ அர்னால்ட் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். பின்னால் ஆடன் வந்தார், ஷேமஸ் ஹீனி வந்தார். பெண் ஒருவர் அந்தப் பதவியில் அமர்ந்து பணியாற்ற 2019 வரை, ஆலிஸ் ஆஸ்வால்ட் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்களுக்கு இந்த ஊர் செய்த அநீதி பெரிது. 1870களின் இறுதியில் பெண்களுக்கெனக் கல்லூரி இல்லங்கள் வந்தன. சொற்பொழிவுகளில் உட்கார மெல்ல மெல்ல அனுமதி கிடைத்தது, அதுவும் துணைக்கு ஒரு மூத்த பெண் வந்தால். தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. 1889இல் இந்தியாவிலிருந்து சோமர்வில் கல்லூரிக்கு வந்த கொர்னேலியா சொராப்ஜி, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண். 1892இல் தேர்வு எழுதினார். பெண்களுக்குப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் 1920இல்தான் இசைந்தது. அவர் திரும்பி வந்து தம் பட்டத்தை வாங்கியது 1922இல். சமயத்தாலும் அப்படியே. ஆங்கிலிக்கன் சபையை ஏற்காதவர்களை விலக்கிவைத்த விதிகள் 1871இல்தான் பெரும்பாலும் நீங்கின.

அப்படி விலக்கிவைக்கப்பட்டவர்கள் நிறுவிய கல்லூரி ஒன்று மான்ஸ்ஃபீல்ட் சாலையில் இருக்கிறது. 1786இல் மான்செஸ்டரில் தொடங்கி, ஊர் ஊராக இடம் மாறி, 1889இல் ஆக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்த மான்செஸ்டர் கல்லூரி. இன்று அதன் பெயர் ஹாரிஸ் மான்செஸ்டர். அதன் சிற்றாலயத்தில் பர்ன் ஜோன்ஸ் வரைந்து வில்லியம் மாரிஸ் பட்டறையில் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பிற்பகல் வெயிலில் தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக இறங்குகின்றன. 1926இல் இந்தக் கல்லூரிதான் திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனை அப்டன் சொற்பொழிவுகளுக்கு அழைத்தது. அந்தப் பேச்சுகள் அடுத்த ஆண்டே இந்து சமய வாழ்க்கை நோக்கு பற்றிய நூலாக வந்து உலகெங்கும் போயின. 1930இல் இங்கேயே தாகூர் ஹிப்பர்ட் சொற்பொழிவுகள் ஆற்றினார். மனிதனின் சமயம் பற்றிய அவருடைய நூல் அவற்றிலிருந்து எழுந்தது. 1936இல் ஸ்பால்டிங் என்ற கொடையாளர் நிறுவிய கீழைச் சமய, அறவியல் இருக்கையின் முதல் பேராசிரியராக ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்து, 1952 வரை இருந்தார். பல்கலைக்கழகத்தின் வாசலில் ஒருகாலத்தில் நிறுத்தப்பட்டவர்கள்தான் கீழ்த்திசைக் குரலுக்கு முதலில் நாற்காலி போட்டார்கள் என்பதை அந்தச் சிற்றாலயத்தில் இருந்தபோது நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

நான் தங்கியிருந்தது ஜெரிகோ பகுதியில். வால்ட்டன் தெருவில் கடைகளுக்கு இடையே ஒரு குறுகிய பாதை உள்ளே போகிறது; அதன் முடிவில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம். 1848இல் திறந்தது, இப்போது புதிதாக யாரையும் அடக்கம் செய்வதில்லை. பிப்ரவரி என்பதால் புல்லுக்கிடையே வெள்ளைச் சிறு பூக்கள் கொத்துக்கொத்தாக. இங்கேதான் ஜி.யு.போப் இருக்கிறார். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820இல் பிறந்து, பத்தொன்பது வயதில் சென்னை வந்து, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகையிலும் பெங்களூரிலும் வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதையும் கழித்தவர். 1884இல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளர் ஆனார். பேலியல் கல்லூரியில் மதகுருவாகவும் இருந்தார். யானை அமர்ந்த அந்த மாளிகை எழுந்துகொண்டிருந்த காலம். மாணவர்கள் என்று வந்தவர்கள் பெரும்பாலும் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகி மொழித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். ரஸ்கினுக்குக் கூடிய கூட்டம் எங்கே, போப்பின் வகுப்பில் உட்கார்ந்த கைவிரல் எண்ணிக்கை எங்கே. அந்தச் சிறு வகுப்பின் நிழலில்தான் 1886இல் குறள், 1893இல் நாலடியார், 1900இல் திருவாசகம் மூன்றின் ஆங்கில ஆக்கங்களும் வந்தன.

இதே தோட்டத்தில் பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டின் கல்லறையும் இருக்கிறது. நாலடியார் முடிந்த சமயம் கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, திருவாசகத்தையும் அச்சிட வேண்டும் என்று ஜோவெட் வற்புறுத்தினாராம். தமக்கு வயதாகிவிட்டது, அவ்வளவு நாள் இருப்பேனா என்று போப் தயங்கியிருக்கிறார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று ஜோவெட் தோளில் கைவைத்துச் சொன்னதைத் திருவாசக முன்னுரையில் போப்பே பதிந்திருக்கிறார். ஜோவெட் அந்த ஆண்டே மறைந்தார். போப் தம் எண்பதாவது பிறந்த நாளில் அந்த முன்னுரையில் தேதியிட்டார். 1908 பிப்ரவரியில் மறைந்தார். கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார் என்று நாம் பள்ளியில் கேட்டது அந்தக் கல்லில் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை நிறுத்தினார்கள் என்றுதான் இருக்கிறது. எனக்கு அது கதையைவிடப் பெரிதாகப் பட்டது. நூறாண்டுக்கு முன்பு, கடல் தாண்டி, ஓர் ஆசிரியரின் கல்லறைக்குத் தமிழர்கள் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் பொதுச் சொற்பொழிவுகள் பலவும் யாரோ ஒருவர் விட்டுச்சென்ற பணத்தில் நடப்பவை. ஸ்லேட், ஸ்பால்டிங், சமஸ்கிருதத்துக்கு போடன், 1892 முதல் ஆண்டுக்கு ஒரு பெரும் பேச்சுக்கு வழிசெய்த ரோமனஸ். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்துக் காட்டியவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழுக்கென்று ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு வைக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். போப் மறைந்த பிப்ரவரியில், ஹிலரி பருவத்தில், ஒரு மாலை ஐந்து மணிக்கு, அந்த யானை அமர்ந்த கட்டடத்தின் அரங்கிலேயே அதை நடத்தலாம். ஓர் ஆண்டு குறள், ஓர் ஆண்டு சோழர் செப்பேடு, ஓர் ஆண்டு கீழடி மண்ணடுக்கு, ஓர் ஆண்டு யாழ்ப்பாணத்து அச்சுக்கூடங்கள், ஓர் ஆண்டு மலேயாத் தோட்டத் தொழிலாளர் வரலாறு. பேசுகிறவர் மதுரையிலிருந்து வரட்டும், சிகாகோவிலிருந்து வரட்டும். புகழுரையும் பொன்னாடையும் வேண்டாம். கட்டணம் வைக்கக் கூடாது, ஊர்க்காரர் எவரும் வரலாம், முக்கால் மணிப் பேச்சுக்குப் பின் கேள்விக்கென்று அரை மணி முழுதாக ஒதுக்க வேண்டும், ஆஸ்னியிலிருந்து வரும் பெரியவருக்கும் அதில் ஒரு கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும்.